மூக்குவழி இன்ஃப்ளூயன்சா தடுப்பு மருந்தின் வரலாறு

மூக்குவழி இன்ஃப்ளூயன்சா தடுப்பு மருந்து என்பது, ஆண்டுதோறும் பருவம் பார்த்து வரும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்கு எதிராக, ஊசி போடாமல் மூக்கின் இரு துளைகளிலும் தெளிக்கப்படும் நோய்த்தடுப்பு மருந்தாகும். இதில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ் அன்று. வலுக்குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அமெரிக்காவில் ஃப்ளூமிஸ்ட், ஐரோப்பாவில் ஃப்ளூயென்ஸ், இந்தியாவில் நாசோவாக் என்னும் பெயர்களில் இது அறியப்படுகிறது.

தமிழில் நோய்த்தடுப்பு மருந்து எதுவானாலும் அதைத் 'தடுப்பூசி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊசியே இல்லாத இந்த மருந்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. போலியோவுக்குச் 'சொட்டு மருந்து' என்ற அழகான பெயர் மக்களிடமிருந்தே வந்தது போல, இதற்கும் ஒரு பெயர் இன்னும் வரவில்லை. இக்கட்டுரையில் 'மூக்குத் தெளிப்பு' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

பார்ப்பதற்கு எளிய பொருள். இருபது விநாடிகளில் முடிந்துவிடும் வேலை. ஆனால் இந்தத் தெளிப்பு உருவாகி, அனுமதி பெற்று, பள்ளிப் பிள்ளைகளின் மூக்கை எட்டுவதற்குள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. எட்டிய பிறகும் ஒரு முறை அது மதிப்பிழந்து, மறுபடியும் எழ வேண்டியிருந்தது.

மூக்கு என்னும் வாசல்

மூக்கின் வழியாக நோய்த்தடுப்பு அளிக்கும் எண்ணம் புதிதன்று. சீனாவில் பெரியம்மைப் புண்ணின் காய்ந்த பொருக்கைத் தூளாக்கி, சிறு குழாய் வழியாக மூக்கினுள் ஊதும் வழக்கம் இருந்தது. தானே பெரியம்மைக்குத் தப்பிப் பிழைத்தவரான காங்சிப் பேரரசர், தம் குழந்தைகளுக்கும் இம்முறையைச் செய்வித்தார். 1742 இல் அரசின் ஆதரவுடன் வெளிவந்த சீன மருத்துவத் தொகுப்பு நூலிலும் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் கோவைசூரியைக் கொண்டு சோதனை செய்தது 1796 இல்தான்.

இன்ஃப்ளூயன்சாவைப் பொறுத்தவரை மூக்குக்குத் தனிச் சிறப்பு உண்டு. இந்த வைரஸ் உடலுக்குள் புகுவதே மூக்கு, தொண்டை வழியாகத்தான். கையில் போடும் ஊசி, இரத்தத்தில் எதிர்ப்பொருள்களைப் பெருக்குகிறது. அது நுரையீரலைக் காக்க உதவும். ஆனால் மூக்கின் ஈரப் படலத்தில் சுரக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. மூக்கிலேயே மருந்தைத் தெளித்தால் அந்தப் படலத்திலேயே எதிர்ப்பு உண்டாகும். வீட்டுக்குள் வந்த திருடனைப் பிடிப்பதைவிட வாசலில் காவல் வைப்பது மேல் அல்லவா? கருத்து எளிது. உயிருள்ள வைரஸை மூக்கில் விட்டால் அது நோயையே உண்டாக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் சிக்கல்.

தும்மிய விலங்கு

1918 இல் உலகைச் சூறையாடிய கொள்ளைநோயின்போது, இன்ஃப்ளூயன்சா ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்றே மருத்துவர்கள் பெரும்பாலோர் எண்ணினர். 1892 இல் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்ட ஒரு நுண்ணுயிரே காரணம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்த நுண்ணுயிருக்கு எதிராகத் தயாரிக்கப்பட்ட ஊசிகளும் போடப்பட்டன. பயன் இல்லை.

உண்மையான காரணம் 1933 இல் லண்டனில் தெரியவந்தது. அங்கு மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையில், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் பற்றிய ஆராய்ச்சிக்காக ஃபெரட் என்னும் விலங்குகளை வளர்த்துவந்தனர். கீரியைப் போலத் தோற்றமளிக்கும் சிறு விலங்கு அது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் காய்ச்சலில் விழுந்தார். அவர் தொண்டை கொப்பளித்த நீரை, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்து ஃபெரட்டுகளின் மூக்கில் விட்டார் வில்சன் ஸ்மித். ஃபெரட்டுகளுக்குக் காய்ச்சல் வந்தது, மூக்கு ஒழுகியது. ஸ்மித், ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிடித்துவிட்டனர்.

விரைவில் ஸ்மித்துக்கே காய்ச்சல் வந்தது. அவரிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ், அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் 'டபிள்யூ எஸ்' என்று வழங்கலாயிற்று. பின்னர் ஒரு ஃபெரட், அதே ஆய்வகத்தில் பணிபுரிந்த சார்லஸ் ஸ்டூவர்ட் ஹாரிஸின் முகத்தில் தும்மி அவருக்கும் நோயைக் கொடுத்தது. அந்த நிகழ்ச்சி 1936 இல் மருத்துவ இதழிலேயே பதிவானது. ஒரு விலங்கின் தும்மல் மருத்துவ இலக்கியத்தில் இடம்பெறுவது அரிது.

லெனின்கிராடில் ஒரு துணிச்சல்

லண்டனில் கிடைத்த 'டபிள்யூ எஸ்' வைரஸ், சில ஆண்டுகளுக்குள் சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடு நகரில் அனடோலி ஸ்மோரோதின்த்செவ் என்னும் அறிஞரின் கைக்கு வந்துசேர்ந்தது. ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு மீண்டும் மீண்டும் மாற்றி வளர்த்தால், வைரஸ் புதிய உடலுக்குப் பழகி, மனிதரிடம் தன் வீரியத்தை இழக்கும். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர் காட்டிய வழி இது. ஸ்மோரோதின்த்செவ் அவ்வாறு பழக்கப்பட்ட வைரஸைத் தன்னார்வலர்களின் மூக்கு வழியாகச் செலுத்தினார். ஒரு பகுதியினருக்கு லேசான காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை. 1937 இல் இந்த ஆய்வு அமெரிக்க இதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உயிருள்ள இன்ஃப்ளூயன்சா மருந்தின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஃபிராங்க் மக்ஃபர்லேன் பர்னெட், வைரஸைக் கோழி முட்டைக் கருவில் வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். இன்றும் இன்ஃப்ளூயன்சா தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை முட்டையிலேயே தயாராகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது அவர் முட்டையில் வளர்த்த உயிருள்ள வைரஸை ஆஸ்திரேலிய ராணுவத்தினரின் மூக்கில் தெளித்துச் சோதித்தார். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அவருடைய நம்பிக்கையும் தளர்ந்தது. 1960 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறொரு பணிக்காக.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. தாமஸ் பிரான்சிஸும் அவருடன் பணியாற்றிய ஜோனாஸ் சால்க்கும், ஃபார்மலின் கொண்டு கொல்லப்பட்ட வைரஸால் ஊசி மருந்து தயாரித்தனர். 1943 இல் ராணுவப் பயிற்சி பெறும் மாணவர்களிடம் அது சோதிக்கப்பட்டு வெற்றி பெற்றது. 1945 இல் பொதுமக்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. 1947 இல் வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டதால் ஊசி பலிக்காமல் போனது. ஆண்டுதோறும் தடுப்பு மருந்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பாடம் அப்போதுதான் கற்கப்பட்டது. எனினும் மேற்கு நாடுகள் ஊசியிலேயே நிலைத்தன. சோவியத் ஒன்றியம் மூக்குத் தெளிப்பைக் கைவிடாமல் பல லட்சம் மக்களுக்கு அளித்துவந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. பெரியவர்களுக்கு ஏற்றதாக இருந்த வைரஸ், சிறு குழந்தைகளுக்குச் சற்றுக் கடுமையாக இருந்தது. மேலும் வலுக்குறைத்தால் அது எதிர்ப்பையே தூண்டாமல் போயிற்று. உப்புப் போட்டால் கரிக்கிறது, போடாவிட்டால் சப்பென்றிருக்கிறது என்ற நிலை.

குளிரில் வளர்ந்த வைரஸ்

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஹுனெய்ன் மசாப். 1926 இல் சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் பிறந்து, அமெரிக்கா சென்று படித்து, 1956 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜான் என்றும் அழைக்கப்பட்டார். அவருடைய வழிகாட்டி, மேலே சொன்ன தாமஸ் பிரான்சிஸ். அதே பல்கலைக்கழக வளாகத்தில்தான் 1955 ஏப்ரல் 12 அன்று, சால்க்கின் போலியோ தடுப்பூசி பலித்தது என்ற செய்தியைப் பிரான்சிஸ் உலகுக்கு அறிவித்தார். மசாப் அப்போது அங்கே மாணவர்.

1960 இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸைப் பிரித்தெடுத்தார் மசாப். அதைக் கோழிக் குஞ்சின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்து, வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். வழக்கமாக 33 முதல் 37 டிகிரி செல்சியஸில் வளரும் வைரஸ், தலைமுறை தலைமுறையாக மாறி, இறுதியில் 25 டிகிரியில் செழித்து வளரக் கற்றுக்கொண்டது. 1967 இல் 'நேச்சர்' இதழில் இதை அவர் வெளியிட்டார்.

இதன் சூட்சுமம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. மனிதரின் மூக்கு, வெளிக்காற்று படுவதால் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். நுரையீரலோ உடலின் முழு வெப்பத்தில், 37 டிகிரியில் இருக்கும். குளிருக்குப் பழகிய இந்த வைரஸ் மூக்கில் நன்றாகப் பெருகும். நுரையீரலின் வெப்பத்தில் அதனால் பெருக முடியாது. ஆகவே எங்கே எதிர்ப்பைத் தூண்ட வேண்டுமோ அங்கே வேலை செய்யும். எங்கே போனால் ஆபத்தோ அங்கே முடங்கிவிடும். காய்ச்சல் வந்தால் உடலின் வெப்பம் உயர்ந்து, வைரஸ் இன்னும் முடங்கும்.

1960 இல் பிடித்த பழைய வைரஸ், இன்று வரும் காய்ச்சலை எப்படித் தடுக்கும் என்ற கேள்வி எழலாம். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபுப்பொருள் 8 தனித்தனித் துண்டுகளாக உள்ளது. இரண்டு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் புகுந்தால், இரண்டின் துண்டுகளும் சீட்டுக்கட்டைப் போலக் கலந்துவிடும். கொள்ளைநோய்கள் பிறப்பதற்கும் இந்தக் கலப்பே ஒரு காரணம். அதே குணத்தை அறிஞர்கள் நன்மைக்குப் பயன்படுத்தினர். குளிர்பழகிய வைரஸிலிருந்து 6 துண்டுகளும், அவ்வாண்டில் பரவும் வைரஸின் வெளித்தோற்றத்தைத் தரும் 2 துண்டுகளும் சேர்ந்த கலப்பு வைரஸைத் தேர்ந்தெடுத்தனர். உடல் பழையது, சட்டை புதியது. ஆண்டுதோறும் சட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

லெனின்கிராடிலும் இதே வழியில் ஆய்வு நடந்தது. அங்கே எடுத்துக்கொண்டது 1957 இல் பிரித்தெடுத்த வைரஸ். அவ்வாண்டில் உலகெங்கும் பரவிய 'ஆசியக் காய்ச்சல்' என்னும் கொள்ளைநோயின் வைரஸ் அது. அந்தக் கொள்ளைநோய் 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்தே இந்தியாவுக்குள் நுழைந்தது. அதைக் கண்காணித்து எழுதியது நீலகிரி மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அதே நோயின் லெனின்கிராடு உறவுதான், அரை நூற்றாண்டுக்குப் பிறகு வலுவிழந்த நிலையில் இந்திய மருந்துக்கு அடித்தளமாயிற்று. அதைப் பின்னர் காணலாம்.

நோவ்கோரத் பள்ளிகள்

மூக்குத் தெளிப்பின் பயன் அதைப் பெற்ற குழந்தையோடு நிற்பதில்லை என்பது இதன் வரலாற்றில் முக்கியமான கண்டுபிடிப்பு. ஊரில் இன்ஃப்ளூயன்சாவைப் பரப்புவதில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் ஒரு வாரத்தில் பாதி வகுப்பு காலியாகும் என்பது ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரிந்ததுதான். 1968 இல் மிச்சிகனின் டெகம்சே என்னும் சிற்றூரில், பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஊசி போட்டபோது, பக்கத்து ஊரைவிட அங்கே மொத்த மக்களிடமும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது.

1989 முதல் 1991 வரை ரஷ்யாவின் நோவ்கோரத் நகரப் பள்ளிகளில் இது மூக்குத் தெளிப்பைக் கொண்டு சோதிக்கப்பட்டது. லாரிசா ருடென்கோ முதலிய சோவியத் அறிஞர்களும், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தினரும் கூட்டாக நடத்திய ஆய்வு அது. சில பள்ளிகளில் தெளிப்பு, சில பள்ளிகளில் ஊசி, சிலவற்றில் மருந்தற்ற போலி. தெளிப்பு அளிக்கப்பட்ட பள்ளிகளில், மருந்து பெறாத மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும்கூட நோய் குறைவாக இருந்தது; எத்தனை பேர் மருந்து பெற்றனரோ அதற்கேற்ப இந்தக் காப்பும் கூடியது. பனிப்போர் முடியும் தறுவாயில் இரு வல்லரசுகளின் அறிஞர்கள் பிள்ளைகளின் மூக்கொழுகலை ஒன்றாக அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தனர் என்பது, அரசியல் வரலாற்று நூல்களில் இடம்பெறாத செய்தி.

அனுமதிக்கான நெடுநடை

மசாப்பின் வைரஸை மருந்தாக்கும் வேலையை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் சில மருந்து நிறுவனங்களும் பல ஆண்டுகள் செய்துபார்த்தன. 1995 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏவிரான் என்ற சிறு நிறுவனம் மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் உரிமம் பெற்றது. 15 முதல் 71 மாத வயதுள்ள 1,602 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1998 இல் வெளிவந்தது. 93 விழுக்காடு காப்பு கிடைத்தது. அடுத்த பருவத்தில் வைரஸ் மருந்தோடு ஒத்துப்போகாமல் மாறியிருந்தபோதும் 86 விழுக்காடு காப்பு இருந்தது.

இத்தனை நல்ல முடிவு வந்தும், 2001 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, பாதுகாப்பு பற்றிய சான்றுகள் போதவில்லை என்று தடுத்தது. குழுவினரின் தயக்கத்தைப் பிழை என்று சொல்ல முடியாது. அதே வேளையில்தான் சுவிட்சர்லாந்தில் வேறொரு மூக்குத் தெளிப்பு பெரும் சிக்கலில் மாட்டியிருந்தது. அது உயிருள்ள வைரஸ் கொண்டதன்று; கொல்லப்பட்ட வைரஸின் பகுதிகளோடு, எதிர்ப்பைத் தூண்டுவதற்காக ஈ.கோலி பாக்டீரியாவின் நச்சுப்பொருள் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. 2000 அக்டோபரில் விற்பனைக்கு வந்த அந்த மருந்தைப் பெற்றவர்களில் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் முகவாதம் வந்தது. மருந்து பெற்றவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ 19 மடங்கு கூடுதல் என்று பின்னர் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து அப்போதே கைவிடப்பட்டிருந்தது. இன்றும் சிலர் இந்த நிகழ்வைச் சொல்லி எல்லா மூக்குத் தெளிப்புகளையும் அஞ்சுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஃப்ளூமிஸ்டில் அந்த நச்சுப்பொருள் கிடையாது.

2003 ஜூன் 17 அன்று ஃப்ளூமிஸ்ட் அனுமதி பெற்றது. மசாப் அந்த வைரஸைப் பிரித்தெடுத்து 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. 5 முதல் 49 வயது வரையுள்ள உடல்நலம் மிக்கவர்களுக்கு மட்டும் அனுமதி. யாருக்கு இன்ஃப்ளூயன்சா மிகவும் ஆபத்தோ, அந்தச் சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கொடுக்க முடியாது என்றால் யார் வாங்குவார்? விலையும் ஊசியைவிடப் பல மடங்கு. உறைநிலைப் பெட்டியில் வேறு வைக்க வேண்டும். முதல் ஆண்டில் தயாரித்ததில் பெரும்பகுதி விற்காமல் கிடந்தது. 2004 அக்டோபரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த ஊசிமருந்துத் தொழிற்சாலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு வர வேண்டிய மருந்தில் பாதியளவு நின்றுபோனபோதுதான் மக்கள் இதைத் தேடத் தொடங்கினர்.

2007 இல் சாதாரணக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடிய வடிவம் வந்தது. ஊசியோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வும் அவ்வாண்டில் வெளியானது: 6 முதல் 59 மாதக் குழந்தைகளில், ஊசி பெற்றவர்களைவிடத் தெளிப்பு பெற்றவர்களிடம் நோய் 55 விழுக்காடு குறைவு. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மூச்சிரைப்பு கூடியது. ஆகவே 2 வயது என்ற எல்லை வகுக்கப்பட்டது. அது இன்றும் தொடர்கிறது.

புனேயில் ஒரு தெளிப்பு

2009 இல் பன்றிக் காய்ச்சல் என்று மக்கள் அழைத்த எச்1என்1 கொள்ளைநோய் வந்தது. இந்தியாவின் முதல் மரணம் அவ்வாண்டு ஆகஸ்டில் புனேயில் நிகழ்ந்தது. இறந்தது ஒரு பள்ளி மாணவி. முகக்கவசத்துக்கு மக்கள் அலைந்த முதல் காலம் அது.

தடுப்பு மருந்தோ பணக்கார நாடுகளின் கையில் இருந்தது. அந்நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துவைத்திருந்தன. வளரும் நாடுகள் தாமே தயாரித்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் ஒரு வழி செய்தது. ரஷ்ய வைரஸுக்கான உரிமத்தைப் பெற்று, இந்தியா, தாய்லாந்து, சீனா ஆகிய நாடுகளின் தயாரிப்பாளர்களுக்கு அளித்தது. இதில் கணக்கும் இருக்கிறது. ஊசி மருந்துக்கு ஏராளமான முட்டைகள் வேண்டும்; உயிருள்ள வைரஸ் உடலுக்குள் சென்று தானே பெருகுவதால், ஒரு முட்டையிலிருந்து பல மடங்கு கூடுதலான பேருக்கு மருந்து தயாரிக்கலாம். மருத்துவமனையில் ஊசி போடப் பயிற்சி பெற்றவரும் வேண்டாம்.

புனேயின் சீரம் நிறுவனம், லெனின்கிராடின் 1957 ஆம் ஆண்டு வைரஸை அடித்தளமாகக் கொண்டு நாசோவாக்கைத் தயாரித்து 2010 ஜூலையில் வெளியிட்டது. தூளாக வரும் மருந்தை நீரில் கலந்து, ஒவ்வொரு மூக்குத் துளையிலும் 0.25 மில்லிலிட்டர் தெளிப்பார்கள். 2010 ஆகஸ்ட் 10 அன்று உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் முடிந்ததாக அறிவித்தது. மருந்து வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. தாமதம் என்று எள்ளுவது எளிது; ஆனால் பருவகால இன்ஃப்ளூயன்சாவுக்கான மூவகை வைரஸ் கொண்ட தெளிப்பை அதே நிறுவனம் பின்னர் தயாரிக்க முடிந்தது இந்த அனுபவத்தால்தான்.

அந்தப் பருவகால மருந்து 2013 இல் இரண்டு ஏழை நாடுகளில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வங்கதேசத்தில் 41 விழுக்காடு காப்பு கிடைத்தது. செனகலின் நியாகர் பகுதியில் காப்பு ஏதும் கிடைக்கவில்லை. ஒரே மருந்து, ஒரே ஆண்டு, இரு வேறு முடிவுகள். இரு முடிவுகளும் 2016 இல் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. தோல்வியை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள அது உதவியது.

மூன்று விழுக்காடு

2013 இல் பிரிட்டன், குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் மூக்குத் தெளிப்பை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 2, 3 வயதுக் குழந்தைகள்; பிறகு படிப்படியாகப் பள்ளிகள். பேரப்பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தாத்தா பாட்டியைக் காப்பதும் இத்திட்டத்தின் நோக்கம். மருந்தில் நிலைப்படுத்தியாகப் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருப்பதால் இஸ்லாமியப் பெற்றோர் பலர் தயங்கினர். அவர்களுக்கு ஊசி மாற்றாக அளிக்கப்படுகிறது.

2014 இல் அமெரிக்காவின் தடுப்பு மருந்து ஆலோசனைக் குழு ஒரு படி மேலே சென்று, 2 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு ஊசியைவிடத் தெளிப்பே விரும்பத்தக்கது என்றது. அடுத்த ஆண்டே அந்த முன்னுரிமை விலக்கப்பட்டது. 2016 ஜூனில் அதே குழு, தெளிப்பை அறவே பயன்படுத்த வேண்டாம் என்று வாக்களித்தது. 2015–16 பருவத்தில், 2 முதல் 17 வயதினரிடம் தெளிப்பின் பயன் 3 விழுக்காடுதான். ஊசிக்கு 63 விழுக்காடு. இரண்டே ஆண்டுகளில் முதலிடத்திலிருந்து தெருவுக்கு.

வேடிக்கை என்னவென்றால் அதே பருவத்தில் பிரிட்டன் 57.6 விழுக்காடு பயன் கண்டது. ஃபின்லாந்து 51 விழுக்காடு. ஆகவே அவ்விரு நாடுகளும் நிறுத்தவில்லை. பருவந்தோறும் மருந்து பெற்றுவந்த அமெரிக்கக் குழந்தைகளின் பழைய எதிர்ப்பே புதிய வைரஸைப் பெருகவிடாமல் தடுத்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. குற்றவாளி எச்1என்1 பகுதி என்பது மட்டும் தெளிவாயிற்று. அவ்வாண்டு பயன்படுத்திய பொலிவியா வகை வைரஸ், முட்டையில் நன்றாக வளர்ந்தாலும் மனித மூக்கின் உயிரணுக்களில் சரியாகப் பெருகவில்லை. உயிருள்ள மருந்து பெருகாவிட்டால் அது வெறும் நீர்தான். தயாரிப்பாளர்கள் அதை நீக்கி, மனித மூக்கு உயிரணுக்களில் சோதித்துத் தேர்ந்த ஸ்லோவேனியா வகையைச் சேர்த்தனர். இப்படிப் புதுப்பித்த எச்1என்1 வகை பழையதைவிட நன்றாகப் பெருகுகிறது, எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதைக் காம்பியா நாட்டுக் குழந்தைகளிடம், இந்தியத் தயாரிப்பைக் கொண்டு நடத்திய ஆய்வும் உறுதி செய்தது. 2018 பிப்ரவரியில் அமெரிக்கக் குழு தெளிப்பை மறுபடியும் பட்டியலில் சேர்த்தது.

இன்றைய நிலை

இன்று ஃப்ளூமிஸ்ட் 2 முதல் 49 வயது வரை அளிக்கப்படுகிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு துளைக்கு 0.1 மில்லிலிட்டர் வீதம் தெளிப்பார்கள். உறிஞ்ச வேண்டியதில்லை, இயல்பாக மூச்சு விட்டால் போதும். பிறகு ஓரிரு நாள் மூக்கு ஒழுகலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். கருவுற்ற பெண்கள், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள், ஆஸ்பிரின் தொடர்ந்து உட்கொள்ளும் குழந்தைகள் ஆகியோருக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஊசியே உரியது.

2024 செப்டம்பர் 20 அன்று, வீட்டிலேயே தாமே தெளித்துக்கொள்ள அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 18 வயது நிரம்பியவர் தாமே செய்துகொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பெரியவர் தெளிக்க வேண்டும். அதே ஆண்டில் மருந்திலிருந்து ஒரு வைரஸ் வகையும் விடைபெற்றது. பி வகையின் யமகட்டா பிரிவு 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. கொரோனா காலத்து ஊரடங்கில் அது அற்றுப்போயிருக்கலாம் என்று கருதுகின்றனர். ஆகவே நான்கு வைரஸ் கொண்டிருந்த தெளிப்பு மறுபடியும் மூன்றுக்குத் திரும்பியது.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இன்ஃப்ளூயன்சாவுக்கு ஊசியும் இல்லை, தெளிப்பும் இல்லை. விரும்புவோர் மருத்துவரைக் கேட்டுத் தம் செலவில் போட்டுக்கொள்கின்றனர். 2023 ஜனவரி 26 அன்று பாரத் பயோடெக் நிறுவனம் கொரோனாவுக்கான மூக்குவழி மருந்தை வெளியிட்டபோது, மூக்கில் மருந்தா என்று பலர் வியந்தனர். புனேயில் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது வந்துவிட்டது. மசாப் 2014 இல் காலமானார். ஆன் ஆர்பரில் அவர் குளிரில் வளர்த்த வைரஸின் ஆறு துண்டுகள் ஒவ்வொரு பருவத்திலும் புதிய சட்டையோடு குழந்தைகளின் மூக்கினுள் போய்க்கொண்டிருக்கின்றன.